ரெண்டு ரிங்கும் நம் வீட்டு நெட்டும்

நைனா,

கடிதம் தமிழில் இருப்பதைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பாய். ஒண்ணாங்கிளாஸிலிருந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவன் நீ. தமிழ் உன் வாயில் தண்ணீராக ஓடும், காகிதத்தில் பார்த்தால் மட்டும் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். நான் தெலுங்கிலேயே எழுதியிருக்கலாம். சத்தியவேடு ஆபீசுக்குத் தெலுங்கில் அர்ஜி, அதாவது மனு, எழுதி எழுதிப் பழகிய கைதான் இது. வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். செல்போனில் வருவதையெல்லாம் கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் படித்து முடிக்கிறவன் நீ, இதை அப்படித் தள்ள முடியாது. நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய், நான் கோபத்தில் கத்துவேன், உன் அம்மா நடுவில் வந்து ரெண்டு பேரையும் துன்ன உட்கார வைத்துவிடுவாள், பேச்சு அத்தோடு போய்விடும். நம் வீட்டில் எத்தனையோ பேச்சு அப்படிச் சோற்றோடு போயிருக்கிறது.

எதற்கு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் வேலையைப் பற்றி எனக்குத் தெரியும். பெரிய வேலை, உன் கீழே ஆட்கள், ஆனால் ஆபீசுக்கு நேரில் போக வேண்டும். அதை வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதும் தெரியும். இந்த வாரத்துக்குள் மனசு மாறினால் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். அம்மாவைப் போய்க் கேட்காதே, அவளுக்கு எதுவும் தெரியாது. யார் சொன்னார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் வீட்டு நெட் கதையை நான் ஒருமுறை சொல்லித் தீர்க்க வேண்டும். அது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்த கதை வேறு.

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பியபோது, இனி டிராக்டர் ஓட்டுவதெல்லாம் கனவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீரிங்கைப் பிடித்துப் பிடித்தே உரமேறிய கை, தண்ணீர்ச் சொம்பைத் தூக்க நடுங்கியது. உன் அம்மா ஸ்ரீசிட்டி கம்பெனியில் செய்கிற பேக்கிங் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. நீ பெங்களூரிலிருந்து ஒரு பையும் லேப்டாப்புமாக வந்து இறங்கினாய். ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போவாய் என்றுதான் நினைத்தேன். வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆபீசில் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன் என்று நீ சொன்னபோது, எதற்குடா என்று கத்தினேன். உள்ளுக்குள் எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கத்தான் கத்தினேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடைக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சுமந்துகொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். "இன்னாபா, புள்ளையாண்டானுக்கு வேலை பூட்ச்சா? ஊட்லயே குந்திக்கினு கீறான்?" என்றார் கோவிந்தன். பக்கத்து நிலத்துக்காரர், நீ பெரீப்பா என்று கூப்பிடுகிற மனிதர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுவார். நீ எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே, "ஆமா பெரீப்பா, தொரத்தி உட்டுட்டாங்கோ" என்றாய். அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்லுகளைச் சரி பார்க்கிற பையன், இங்கே அப்பனுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தான். முதல் நாள் நீ துடைக்க வந்தபோது நான் வெட்கப்பட்டு முரண்டு பிடித்தேன். "சும்மா இரு நைனா" என்று ஒரு அதட்டல் போட்டாய் பார், அந்த அதட்டல் என் குரல்தான். நம் பக்கத்தில் பிள்ளை அப்பனை நைனா என்பான், அப்பன் கொஞ்சும்போது பிள்ளையையும் நைனா என்பான். அந்த மாதங்களில் வாசலில் நின்று கேட்கிறவனுக்கு யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்திருக்காது. எனக்கே சில நாள் குழம்பியது.

உன் வேலைக்கு நெட் வேண்டும். நம் ஊர் செல்போன் லட்சணம் உனக்குத் தெரியும். அடுப்படியில் நின்றால் தமிழ்நாட்டு டவர் வரவேற்கும், வாசலுக்கு வந்தால் ஆந்திரா டவர் வரவேற்கும், நடு வீட்டில் ரெண்டும் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடும். கிணற்று மேட்டில் நின்றால்தான் ஒழுங்காகப் பேசலாம். லேப்டாப்பைக் கிணற்று மேட்டில் வைத்து வேலை செய்ய முடியுமா? அதனால் நீ திருப்பதியில் காலேஜ் படித்த காலத்தில் உன் அம்மா அடம்பிடித்து வாங்கிய லேண்ட்லைனைப் பிடித்துக்கொண்டாய். அதே போன் கம்பியில் நெட்டும் வரும் என்றாய். ஆள் வந்து முன்னறையில் மோடத்தை வைத்தார், போனையும் மோடத்தையும் பிரித்துவிட ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன டப்பாவை மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது. நீ முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினாய். மீட்டிங் நடுவில் போன் அலறக் கூடாது என்று முன்னறை போனின் மணியை அணைத்து வைத்தாய். எனக்கு அந்தப் பச்சை விளக்கு ஏதோ சாமி விளக்கு மாதிரி இருந்தது. அது எரிகிற வரைக்கும் நீ என்னோடு இருப்பாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அது எரியாத நேரங்கள் இருந்தன என்பதே எனக்குத் தெரியாது. நீ தெரியவிடவில்லை. நான் பார்த்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். ஒரு நாள் மோடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கஸ்டமர் கேரோடு பேசிக்கொண்டிருந்தாய். அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று அவர்கள் சொல்ல, போட்டேன் என்று நீ சொல்ல, இன்னொரு தடவை போடுங்கள் என்று அவர்கள் சொல்ல, உன் பொறுமையை நான் பார்த்தேன். நானாக இருந்தால் மோடத்தைக் கிணற்றில் போட்டிருப்பேன். இன்னொரு நாள் மழைக்குப் பிறகு லைன்மேனை அழைத்து வந்து ஊர் முனைக் கம்பத்தில் ஏற்றினாய். கம்பியும் கம்பியும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கிப் பச்சைப் பாசி பிடித்திருந்தது, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முறுக்கிக் கட்டினோம் என்று வந்து சொன்னாய். "ஏன், நெட்டு நின்னுதா?" என்று கேட்டேன். "இல்ல நைனா, சும்மா முன்ஜாக்கிரதைக்கு" என்றாய். நான் நம்பினேன். மழையில் அறுவது அதோடு நின்றதாம், ஆனால் தினம் ஒரு தடவை அறுவது நிற்கவில்லை.

அப்புறம் உன் சந்தேகம் கோவிந்தனின் கிணற்று மோட்டாரில் போய் நின்றது. நம் பக்கம் நிலத்துக்கு மூணு பேஸ் கரண்ட் ஒரு வாரம் பகலில் விடுவார்கள், ஒரு வாரம் ராத்திரியில் விடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். உன் நெட்டும் ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி என்று முறை வைத்து அறுந்ததால், மோட்டார் ஓடும்போது ஏதோ இழுக்கிறது என்று நினைத்தாய். பெரீப்பாவிடம் போய், ஒரு நாள் மோட்டாரை நிறுத்தி வையுங்கள், பரீட்சை பண்ண வேண்டும் என்று கேட்டாய். நெல் பயிர் வைத்திருக்கிற மனிதன், உனக்காக ஒரு நாள் தண்ணீர் பாய்ச்சவில்லை. அன்றைக்கும் நெட் போனது. அவர் என்னிடம் வந்து, "உன் புள்ள என் மோட்டார சந்தேகப்பட்டான்பா, அது பாவம் ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிச் சிரித்தபோதுதான் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்கு லீவு. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அடுப்படியில் நீங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தேன்.

"மாசக் கடைசி வரைக்கும்தாம்மா டைம் குடுத்துக்கீறாங்க. அதுக்குள்ள லைன் சரியாவலன்னா பெங்களூருக்கே வந்துடுன்றாங்க."

"நீ பூட்டா உங்க நைனாவ யாருடா பாத்துக்கிறது? நான் வேலைய உட்டுட்டு குந்திக்கினா சோத்துக்கு இன்னா பண்றது?"

"நைனா கைல சொல்லாத. டென்சன் ஆவக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. ஒண்ணுமே புரியலம்மா. ஒரு வாரம் மத்தியானம் போவுது. ஒரு வாரம் ராத்திரி போவுது. ஞாயித்துக்கெழமைல மட்டும் போறதே இல்ல."

நைனா, அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம். விளக்கு அணைந்தால் நீ போய்விடுவாய், இந்தக் கட்டிலும் நானும் சுவரும்தான் மிச்சம் என்ற பயம். ரெண்டாவதாக வந்தது ஒரு பொறி. ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை இல்லை. இந்த முறை வேறு எங்கேயோ எனக்குப் பழக்கமான முறையாயிற்றே என்று மண்டைக்குள் குடைந்தது. கரண்டுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை லீவு? லீவு இருப்பது, ஒரு வாரம் மத்தியானமும் ஒரு வாரம் ராத்திரியும் முடிகிற உன் அம்மாவின் ஷிப்டுக்குத்தான்.

இப்போது நான் ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்லியாக வேண்டும், அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். ஸ்ரீசிட்டி வேலைக்குப் போன நாளிலிருந்து உன் அம்மா ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறியதும் வீட்டு லேண்ட்லைனுக்கு ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். பஸ் ஏறிவிட்டேன் என்று அர்த்தம். பஸ் நிறையப் பெண்கள், எல்லாருக்கும் பாம்புக் காது, புருஷனோடு போனில் பேசினால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்களாம். அதனால் ரிங்கோடு சரி. நான் ரிங்கைக் கேட்டு உலை வைப்பேன், அவள் வீட்டுக்கு வரும்போது சோறு வடித்திருக்கும். போன் பேசுவது காசில்லாத காரியமாக ஆன பிறகும் ரிங் மாறவில்லை. ஆபரேஷன் முடிந்து படுக்கையில் விழுந்த பிறகு உலை வைக்க என்னால் முடியாது, ஆனாலும் அந்த மணி எனக்கு வேண்டியிருந்தது. நீ வருவதற்கு முன்னால் உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஊர் மைக்செட்காரரைப் பிடித்து, வாசலில் லைன் வந்து இறங்குகிற இடத்திலிருந்தே ஒரு வயரை இழுத்து, பின்பக்கக் கூரை வழியாகக் கொண்டுவந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய போன் ஒன்றை மாட்டிக்கொண்டேன். நீ வந்து வேலை ஆரம்பித்ததும், உனக்குத் தொந்தரவாகக் கூடாது என்று அதன் சத்தத்தைக் குறைத்து ஒரு துண்டில் சுற்றித் தலையணை ஓரமாக வைத்துக்கொண்டேன். அங்கே ஒரு போன் இருப்பது உனக்குத் தெரியும். அது தினமும் எனக்காக அடிக்கிறது என்பது தெரியாது. அம்பத்தஞ்சு வயசுக்கு மேலே பெண்டாட்டி விடுகிற ரிங்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மத்தியானம், உன் அம்மாவின் ஷிப்ட் முடிகிற நேரம். நீ கதவுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாய். துண்டுக்குள் ஒரு ரிங், இன்னொரு ரிங், நின்றது. உன் குரலும் நின்றது. நான் இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"நைனா! இப்போ நெட்டு பூட்ச்சா?"

ஹெட்போன் கழுத்தில் தொங்க ஓடி வந்தாய். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயமும், ரகசியம் உடைந்த திகைப்பும் உன் முகத்தில் ஒன்றாக நின்றன. "உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாய்.

"உங்கம்மா பஸ் ஏறிட்டா."

நெஞ்சோடு சேர்த்து மூளையிலும் கை வைத்துவிட்டார்களோ என்கிற மாதிரி என்னைப் பார்த்தாய். "அம்மா பஸ் ஏறுனா நெட்டு ஏன் போவுது நைனா?"

நான் துண்டைப் பிரித்துக் காட்டினேன். திருட்டுச் சரக்கைக் காட்டுகிறவன் மாதிரி இருந்திருக்கும். ரிங் விடுவாள் என்றேன். யார் என்றாய். உங்கம்மாதான் என்றேன். எதற்கு என்றாய். பஸ் ஏறிவிட்டதற்கு என்றேன். "டெய்லியுமா?" என்றாய். "டெய்லியும்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். சிரிப்பு அடங்கக் கண்ணைத் துடைத்துக்கொள்வாய், துண்டைப் பார்ப்பாய், மறுபடியும் ஆரம்பிப்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்கும் வந்தது, ஆனால் நெஞ்சில் தையல் இழுத்ததால், தலையணையை அணைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தேன்.

பிறகு நீ கிணற்று மேட்டுக்குப் போய் உன் செல்லிலிருந்து வீட்டுக்கு ரிங் விட்டுவிட்டு ஓடி ஓடி வந்து மோடத்தைப் பார்த்தாய். துண்டுக்குள் மணி அடித்தால் விளக்கு சிவப்பாகிறது. என் போன் வயரைக் கழற்றிவிட்டு ரிங் விட்டால் பச்சை அசையவில்லை. முன்னறை போன் ஸ்ப்ளிட்டர் டப்பா வழியாக ஒழுங்காக வருகிறது, என்னுடையது அந்த டப்பாவுக்கே தெரியாமல் வாசலிலேயே லைனில் தொங்கிக்கொண்டிருக்கிறது, மணிக்கான கரண்ட் வரும்போதெல்லாம் மோடத்தைக் கீழே தள்ளிவிடுகிறது என்று எனக்கு விளக்கினாய். இத்தனை நாள் உன் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது நான்தான் என்று அப்போதுதான் புரிந்தது. "அந்த வயர புடுங்கிப் போட்டுடு நைனா. எனுக்கு எதுக்கு போனு" என்றேன்.

வயர் உன் கையில்தான் இருந்தது. பிடுங்கிப் போட்டிருந்தால் அந்த நிமிஷமே உன் கஷ்டம் தீர்ந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை, இனிமேல் ரிங் விடாதே என்று சொல்லியிருந்தாலும் தீர்ந்தது. நீ வயரைச் சுருட்டிக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டு, "இரு நைனா" என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் காலையில் திருப்பதிக்குப் பஸ் ஏறினாய். மாதக் கடைசி நெருங்குகிற நேரம், ஏற்கெனவே உன் மேல் ஆபீசுக்கு வருத்தம், அதில் ஒரு நாள் லீவும் போட்டுவிட்டு, என் போனுக்கு ஒரு தனி டப்பா தேடிப் போனாய். அங்கே கடைக்காரர்கள் உன்னை ஏற இறங்கப் பார்த்ததைப் பிறகு சொல்லிச் சொல்லிக் காட்டினாய். "ல்யாண்ட்லைனா? இப்புடு எவரு வாடுதுன்னாரண்டி?" என்று இழுத்தார்களாம், இந்தக் காலத்தில் யாரப்பா அதை வைத்திருக்கிறார்கள் என்று. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தேடி, ஸ்டேஷன் பக்கம் தேடி, கடைசியில் பழைய போன்களைப் பிரித்து விற்கிற ஒரு கடையில் தூசிக்குள் கிடைத்தது. நீ வந்து உள்ளங்கையைத் திறந்து காட்டினாய். தீப்பெட்டி அளவுதான் இருந்தது.

மாட்டினாய். உன் அம்மா பஸ் ஏறினாள். துண்டுக்குள் மணி அடித்தது. நாம் ரெண்டு பேரும் மோடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், விளக்கு பச்சையாகவே இருந்தது. அந்த மாதக் கடைசி வந்தது, போனது, நீ எங்கேயும் போகவில்லை. டப்பாவை மாட்டிய அன்றைக்கு நான் கேட்டேன், ரிங்கை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று. "தப்பு வயர்ல கீது. அம்மா இன்னா பண்ணாங்க?" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய். அந்த ஒரு பேச்சை நான் எத்தனை நாள் அசைபோட்டிருப்பேன் தெரியுமா? என் வாழ்நாளில் டிராக்டர் நின்றால் பக்கத்தில் இருக்கிறவனைத் திட்டியிருக்கிறேன், சோறு குழைந்தால் உன் அம்மாவைத் திட்டியிருக்கிறேன், நீ பரீட்சையில் கோட்டை விட்டால் உன் வாத்தியாரைத் திட்டியிருக்கிறேன். ஆளை விட்டுவிட்டு வயரைப் பார்க்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து வரவில்லை. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், வீட்டில் என்னென்னமோ அறுந்து விழும். அப்போதும் இப்படியே இரு. உனக்கு நான் சொல்ல வேறு புத்திமதி கிடையாது.

எனக்குச் சோறு ஊட்டினாய், உடம்பு துடைத்தாய், என் கையை உன் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனாய். இதையெல்லாம் ஊர் பார்த்தது, ஊரே உன்னைப் பாராட்டியது. நான் உனக்குக் கடமைப்பட்டிருப்பது அதற்கெல்லாம்தான், ஆனால் அதைவிட அதிகமாக அந்தத் தீப்பெட்டி டப்பாவுக்கு. ஒன்றுக்கும் உதவாமல் கிடந்த காலத்தில் என்னை நோயாளியாக மட்டும் பார்க்காமல், ஒருத்தியின் புருஷனாகவும் பார்த்தாய். அவள் விடுகிற ரிங் எனக்கு வந்து சேர வேண்டும் என்று நினைத்தாய். இதற்கு நம் வீட்டில் நன்றி சொல்லும் வழக்கமில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

இப்போது ஹைதராபாத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ சத்தியவேட்டில் எனக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தபோது என் கட்டில் போன் அடித்தது. ரெண்டோடு நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். உன் மேலதிகாரி. உன் செல் கிடைக்கவில்லையாம். உன் அப்பன்தான் என்றதும் மனிதர் பொரிந்து தள்ளிவிட்டார். "மீ அப்பாயிகி மீரே செப்பாலி சார். ஹைதராபாத் வெள்ளமண்டே நான்னனி வதிலி ராலேனு அண்டுன்னாடு" என்றார். ஹைதராபாத் போகச் சொன்னால் அப்பாவை விட்டு வரமாட்டேன் என்கிறான், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறார் அந்த மனிதர். நான் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். நீ மாத்திரையோடு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாய். நானும் ஒன்றும் கேட்காத மாதிரி விழுங்கினேன். மாதக் கடைசிக் கெடுவை மறைத்த அதே பிள்ளைதான், இதையும் மறைத்திருக்கிறாய். நீ மறைத்தாய், நானும் மணியைத் துண்டில் சுற்றி மறைத்தேன், அதனால்தான் ஒரு சின்ன வயரைக் கண்டுபிடிக்க நமக்கு அவ்வளவு நாள் ஆனது. இன்னொரு தடவை அப்படி வேண்டாம்.

அதனால் நான் மறைத்துக்கொண்டிருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திட்டாமல் படி. கொஞ்ச நாளாக, பகல் ஷிப்ட் வாரங்களில், நீ கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டிய பிறகு, நான் பின்வாசல் வழியாகக் கிளம்பி மெயின் ரோடு வரைக்கும் நடக்கிறேன். தனியாக. முதலில் கோவிந்தன் களத்து மேடு வரைக்கும் போய்த் திரும்பினேன், அப்புறம் அம்மன் கோயில் வரைக்கும், இப்போது ரோடு வரைக்கும். துணைக்கு வருகிறேன் என்ற கோவிந்தனை வராதே என்று விரட்டிவிட்டேன். கம்பெனி பஸ் வந்து நிற்கும், உன் அம்மா இறங்குவாள், அவள் பையை நான் வாங்கிக்கொள்வேன். முதல் நாள் பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் போட்ட கூச்சலில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, என்னைத் திட்டிக்கொண்டேதான் வீடு வரைக்கும் வந்தாள். அதற்கப்புறம் திட்டவில்லை. போன தடவை செக்கப்புக்குப் போனபோது உன்னை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு டாக்டரிடம் கேட்டேன், நன்றாக நடங்கள் என்றார். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் முன்வாசலில் நுழைவாள், நான் பின்வாசலில் நுழைந்து கட்டிலில் படுத்துக்கொள்வேன். நீ மீட்டிங் முடிந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாய், ஏன் வேர்த்திருக்கிறது என்பாய், புழுக்கம் என்பேன்.

நேற்று பை கனமாக இருந்தது. பூசணிக்காய் வாங்கி வந்திருந்தாள். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நின்றோம், அதுவும் அவளுக்குக் கால் வலித்தது என்றுதான்.

நான் நடக்கிறேன். நீ கிளம்பு.